வெட்டாத காட்டின் வண்டுகள்

மழை சற்றே விட்டிருந்தது. நமுனுகுலை மலையடிவாரக் காட்டில், யானை இழுத்துவந்த மரமொன்று நளீராவின் கண்ணெதிரே அவளுடைய கிண்ணங்களை நசுக்கிக்கொண்டு போனது.

வண்டுகள் தாமாக வந்து விழட்டும் என்று அவள் மண்ணில் புதைத்து வைத்த கிண்ணங்கள். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் படிக்கும் பண்டாரவளைப் பெண் அவள். வெட்டிய காட்டில் எந்தப் பூச்சிகள் மிஞ்சுகின்றன, வெட்டாத காட்டில் எவை வாழ்கின்றன... அந்த எழுபத்தெட்டாம் வருடம் அதுதான் அவளுடைய ஆய்வு.

யானைக்குப் பின்னால் வந்தவன் மஹ்ரூப். பதுளையில் மரம் அறுத்து விற்கும் மரக்காலை வைத்திருக்கும் ஸஹாப்தீன் ஹாஜியாரின் மகன்.

"கண் தெரியாதா உங்களுக்கு?"

அவன் குனிந்தான். சேற்றில் மல்லாந்து கிடந்த பச்சை வண்டொன்றை இலையால் மெல்லப் புரட்டிவிட்டான்.

"இது பொழச்சிட்டுது," என்றான். "இனி ஏசுங்க."

சிரிக்கக்கூடாது என்று உதட்டைக் கடித்தாள். மழை கழுவிய கண்கள் அவனுக்கு...

அதன்பிறகு ஏதாவது சாக்கில் வந்து நிற்பான். வெட்டிய இடத்தில் வெயில் நேரே தரையைச் சுடுவதையும், காட்டு வண்டுகள் மறைந்து புல்வெளிப் பூச்சிகள் குடியேறுவதையும் அவள் சொல்லுவாள். அவன் கேட்டுக்கொண்டே இருப்பான். அவளுக்குத் துணையாக வரும் தேயிலைத் தோட்டத்துக் கருப்பம்மா, விறகு பொறுக்கச் சற்றுத் தள்ளிப் போய்விடுவாள்.

ஒருநாள், வெட்டாத பக்கத்து மரங்களிலும் சிவப்புப் புள்ளிகள். வெட்டுவதற்கான அடையாளம்.

"இதுவும் உங்களுக்கா?"

"மரம் வெட்ட வாப்பா எடுத்த கொந்தராத்து..."

"தெரிஞ்சிக்கிட்டேதான் நான் சொன்னதெல்லாம் கேட்டீங்களா?"

அவன் தலை குனிந்தான். அவள் திரும்பிப் பார்க்காமல் இறங்கிப் போனாள்.

பேராதனைக்குத் திரும்பிய பின், மழை பெய்யும் போதெல்லாம் அந்தக் குனிந்த தலைதான் நினைவுக்கு வந்தது. அவனாக வரட்டும்... வந்தால் பேசவே மாட்டேன்! ஆனாலும், லீவுக்கு வருவதாகக் கருப்பம்மாவுக்குச் சொல்லியனுப்பினாள். அது யார் காதுக்குப் போகும் என்று தெரியாமலா?

பண்டாரவளை ஸ்டேஷனில் ரயில் நின்றபோது, பனிமூட்டத்துக்குள் அவன் நின்றிருந்தான். மெலிந்திருந்தான்.

"மேல்பக்கம் வெட்டியாச்சு. தடுக்க ஏலாமப் போச்சு," என்றான். "வாப்பாவோட சண்ட புடிச்சி ஓடைப்பக்கத்த மட்டும் விட வச்சேன். அதிலிருந்து அவர் என்னோட பேசுறதில்ல."

மாதக்கணக்காய்ச் சேர்த்து வைத்த கோபத்தை அவள் தேடிப் பார்த்தாள். கிடைக்கவில்லை.

"இதைச் சொல்லவா வந்தீங்க?"

"இல்ல," என்றான். "நீங்க போன பொறகு அந்தக் காட்டுக்குள்ள எனக்கு நிக்க ஏலல்ல... உங்கள எனக்கு அவ்வளவு விருப்பம்."

ரயில் நகர்ந்துவிட்டது. அவள் தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெண் கேட்டு உம்மாவை அனுப்பட்டுமா என்று அவன் தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"வாப்பாவும் வரட்டும்," என்றாள். "அவர் மனசு மாற நாளாகும்தான்... ஆகட்டும், நான் காத்திருப்பேன்."

"எவ்வளவு நாளைக்கு?"

அவள் நிமிர்ந்து, முதன்முறையாக அவன் கண்களை நேராகப் பார்த்தாள்.

"எனக்கும் உங்கள விருப்பம்னு சொல்றேன்... நீங்க நாள் கணக்குக் கேக்கிறீங்களே."