பன்னிரண்டாவது கட்டம்

பொட்டு இரண்டாவது கட்டத்துக்கு வந்திருந்தது.

வீராயி நேற்று குங்குமம் வைத்தது முதல் கட்டத்தில். துரை பங்களாவின் கூடத்தில், மெழுகெண்ணெய் வாடையடிக்கும் நீளச் சட்டத்துக்குள் பன்னிரண்டு போட்டோக்கள். பன்னிரண்டிலும் ரயில் பட்டறையில் சுமை தூக்கும் அவள் புருஷன் அடைக்கலம்தான், கோவணத்தோடு, தலையில் இரும்புப் பாளம். மனிதன் சுமையோடு எப்படி நடக்கிறான் என்று பார்க்க, அடிக்கு ஒன்றாகத் துரை எடுத்தது. முதல் கட்டத்தில் காலைத் தூக்குகிறான். கடைசிக் கட்டத்தில் குனிந்து சுமையை இறக்குகிறான். கண்ணாடி போட்டு மாட்டியது என்றால் வீராயிக்குச் சாமி படம்தான் தெரியும். கூடம் பெருக்க வந்தவள் கும்பிட்டுப் பொட்டு வைத்துவிட்டாள்.

"கூறு இருக்கா ஒனக்கு? உசுரோட இருக்கறவன் படத்துக்கா பொட்டு வைப்பே?" என்று பட்லர் தாஜுதீன் நேற்றே சிரித்தார். "அப்படியே மாலையும் போட்டு ஊருக்குச் சொல்லி அனுப்பு."

அப்போதே துடைத்திருந்தாள். இன்றைய பொட்டு கண்ணாடிக்கு உள்ளே இருந்தது.

தினம் ஒரு கட்டம் நகர்ந்தது. மூன்றாம் நாள் அடைக்கலத்துக்கு முதுகு பிடித்தது. ஆறாம் நாள் பாயில் விழுந்தான். ஊட்டிய கஞ்சி துரு வாடையோடு கடைவாயில் வழிந்தது. பொன்மலைப் பட்டறைச் சங்கு ஊதும்போதெல்லாம், படுத்திருந்தவனின் கழுத்து நரம்புகள் சுமை ஏறியதுபோலப் புடைத்தன.

"என்னடி பாக்குறே? இன்னும் சாவல," என்றான்.

பதினோராம் நாள் காலை. பதினோராவது நெற்றியில் பொட்டு. மிச்சம் ஒன்று.

அந்த ஒன்று இல்லாமல் போனால்?

தாஜுதீன் மார்க்கெட்டுக்குப் போயிருந்தார். சட்டத்தைக் கழற்றினாள். கடைசிப் படத்தை மட்டும் அரிவாள்மனையில் அறுத்து அடுப்பில் போட்டாள். சுமையை இறக்கக் குனிந்தவன் சுருண்டு கருகினான். திரும்பிப் பார்த்தால் மிச்சப் பதினொன்றில் பொட்டே இல்லை.

வீட்டுக்கு ஓடினாள்.

கொல்லையில் காலடிச் சத்தம். எழுந்துவிட்டான்!

"சமயபுரத்தா, காப்பாத்திட்டே!"

அடைக்கலம் நடந்துகொண்டிருந்தான். வெறுந்தலைக்கு மேல் தூக்கிப் பிடித்த இரண்டு கைகள். கழுத்து தோளுக்குள் அமுங்கியிருந்தது. பதினோரு அடி. பன்னிரண்டாவது அடிக்குக் கால் எழவில்லை. திரும்பி வந்ததை அவள் பார்க்கவில்லை. கண் இமைப்பதற்குள் புறப்பட்ட இடத்தில் நின்றான். மறுபடி பதினோரு அடி.

"எறக்கி விடுடி."

அவன் தலைக்கு மேல் கையை நீட்டித் துழாவினாள். ஒன்றுமில்லை. காற்று.

பதினோரு அடி. பாதம் கணுக்கால் வரை மண்ணில் இறங்கியது. உள்ளங்கால் தோல் உரிந்து மண்ணோடு ஒட்டி நின்றுவிட்டது. அவன் நிற்கவில்லை.

"எறக்கி விடுடி, வீராயி."

பதினோரு அடி.