ஜோடியில் ஒன்று

பசை டப்பாவின் மூடி இறுக்கி மூடப்பட்டிருந்தது. அவள் ஒருநாளும் அப்படி மூட மாட்டாள். இறுக்கினால் விளிம்பில் பசை காய்ந்து பிடித்துக்கொள்ளும், அடுத்த முறை வெந்நீரில் முக்கித்தான் திறக்க வேண்டும் என்பது கையால் வாழ்த்து அட்டை செய்கிற எல்லோருக்கும் தெரியும். மேலே வைத்து லேசாக ஒரு சுற்று, அவ்வளவுதான். இப்போது பல்லைக் கடித்துத் திருகியும் அது அசையவில்லை. பழகாத கை பட்டிருக்கிறது என்று நினைத்தாள். பிறகு, இந்த வீட்டில் பழகாத கை எங்கிருந்து வரும் என்று தன்னையே கேட்டுக்கொண்டு அடுப்பில் தண்ணீரை வைத்தாள்.

வீட்டில் இருப்பது மூன்று பேர். அவள். காலையில் ஆபீஸுக்குப் போய்ப் பொழுது சாயும்போது திரும்பும் கணவன். அடுத்த அறையில், வலப்பக்கம் முழுதும் விழுந்து, பேச்சும் போய், கூரையைப் பார்த்தபடி கிடக்கும் கணவனின் அக்கா. நாத்தனாரின் இடது கை மட்டும் போர்வையைப் பிறாண்டும் அளவுக்கு அசையும். கணவனுக்கோ இரண்டு கையும் நன்றாக இருந்தும் ஒரு பொட்டலம் கட்டத் தெரியாது.

அவளுடைய வேலை முன்னறை மேஜையில் நடந்தது. பிறந்தநாள், கல்யாணம், குழந்தை பிறந்தது, ஆள் போனது என்று எல்லாவற்றுக்கும் அட்டை செய்து கடைகளுக்குக் கொடுப்பாள். அது வயிற்றுக்கு. மனசுக்கு ஒரு குழு இருந்தது. திங்கட்கிழமை தோறும் போனில் ஒரு சொல் வரும். எல்லோரும் தலைவி என்று அழைக்கும், யாருமே பார்த்திராத ஒருத்தி அனுப்புவாள். அந்தச் சொல்லுக்குத் தோதாகத் துணி, தாள், நூல், படம் என்று எதையாவது அடுக்கி ஒட்டி ஓர் அட்டை செய்து, ஞாயிற்றுக்கிழமைக்குள் குழுவில் காட்ட வேண்டும். சட்டம் ஒன்றுதான். கடையில் வாங்கியதை ஒட்டக் கூடாது, நகல் எடுத்ததையும் ஒட்டக் கூடாது. வீட்டில் ஒன்றே ஒன்றாக இருப்பதில்தான் கத்தரி வைக்க வேண்டும். வலிக்காத வெட்டு வெட்டே இல்லை என்பாள் தலைவி. யாருக்கு வலிக்க வேண்டும் என்று மட்டும் அவள் சொல்லவில்லை.

நாத்தனாரின் நாக்குக்கு ஒரு காலத்தில் நரம்பே கிடையாது. விருந்தாளிகள் நிறைந்த கூடத்தில், இவள் தட்டெடுத்து வரும் நேரம் பார்த்து, பூக்காத மரத்துக்கு எதுக்குத் தண்ணி என்று சொல்லிச் சிரித்தவள். இவள் பாத்திரம் கழுவும் குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர் சத்தத்தில் அழக் கற்றுக்கொண்டது அந்த வருடங்களில்தான். யானைக்கொரு காலம் வந்தால் பூனைக்கும் ஒரு காலம் வரும். நாத்தனார் குளியலறையில் விழுந்த நாளில் பூனையின் காலம் வந்தது.

முதலில் வந்த சொல் ‘ஓரம்’. அவள் நாத்தனாரின் அலமாரியைத் திறந்து கல்யாணப் பட்டுப்புடவையை எடுத்தாள். மேஜையில் வைத்து வெட்டியிருக்கலாம். கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு, நாத்தனாரின் கண்ணுக்கு நேரே, ஜரிகை ‘கர்ர்’ என்று பிரியும் சத்தம் நன்றாகக் கேட்கும்படி வெட்டினாள். அடுத்த சொல் ‘முகம்’. நாத்தனாருக்கு ஒரு குழந்தை பிறந்து, ஒரு மழைக்காலம் முழுதாகக்கூட இருக்காமல் போயிருந்தது. அதற்கு ஒரே ஒரு படம் இருந்தது. நுனி வளைந்த சின்னக் கத்தரியால் அந்தக் கன்னத்தைச் சுற்றி அவள் மெதுவாக வெட்டியபோது நாத்தனாரின் இடது கண்ணிலிருந்து மட்டும் நீர் வழிந்து காதுக்குள் போனது. குழுவில் அந்த அட்டைக்குக் கிடைத்த பாராட்டு அதற்கு முன் யாருக்கும் கிடைத்ததில்லை. அவளுக்கு இனித்தது. பொய் சொல்வானேன், அன்று அவள் இரண்டு தடவை சாப்பிட்டாள். மூன்றாவது சொல் ‘இழை’. நாத்தனாரின் நரைத்த பின்னலைக் கழுத்தோடு நறுக்கினாள். கணவன் கேட்டதற்கு, பேன் பிடித்திருந்தது என்றாள். அவன் அக்காவின் மொட்டைக் கழுத்தைத் தடவிக் கொடுத்தான்.

வெந்நீரில் மூடி திறந்துகொண்டது. ஒட்டிய அட்டைகள் வளையாமல் காய்வதற்காக அவள் இரண்டு பலகைகளுக்கு நடுவே வைத்து மேலே ஒரு கல்லை ஏற்றுவாள். முந்தின நாள் வைத்தவற்றை எடுக்கக் கல்லை நகர்த்தினாள். அவள் வைக்காத ஓர் அட்டை அங்கே இருந்தது.

அட்டை முழுக்கப் பட்டு. நீலத்தில் பச்சை ஓரம். அவளுடைய சொந்தக் கல்யாணப் பட்டின் ஓரம். கோணல்மாணலாக வெட்டி, பசையை வாரி அப்பி, விரலால் தேய்த்து ஒட்டியிருந்தது. குரங்கு கை பட்ட பூமாலை மாதிரி ஒரு வேலை. மூக்கருகே கொண்டுபோனாள். பசையின் புளித்த வாடைக்கு அடியில் இன்னொன்று இருந்தது. நாத்தனாரின் செத்த கைக்குத் தேய்க்கும் தைலம்.

அடுத்த அறைக்கு ஓடினாள். நாத்தனார் கூரையைப் பார்த்துக் கிடந்தாள். இடது கையைப் பிடித்துத் திருப்பி, விரல் விரலாக முகர்ந்து, நக இடுக்கில் பசை இருக்கிறதா என்று பார்த்தாள். இல்லை. கைதான் சுடச்சுட இருந்தது, இவ்வளவு நேரம் யாரோ பிடித்துக்கொண்டிருந்த மாதிரி.

சாயங்காலம் கணவனிடம் அட்டையைக் காட்டினாள். அவன் வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தான்.

“நல்லாத்தானே இருக்கு. நீ செஞ்சது இல்லையா?”

அவள் தூக்கத்தில் ஏதாவது செய்கிறாளோ என்று அவன் கவலைப்பட்டான். வேலை அதிகம், உடம்பு சூடு, நன்றாகத் தூங்கு என்றான். அன்றிலிருந்து படுக்கப்போகும்போது அவனே பால் காய்ச்சிக் கொடுத்தான். அவள் கண் கலங்கிப்போனாள். இந்த வீட்டில் அவளுக்கென்று இருந்த ஒரே ஆள் அவன்தான். அக்காவை எதிர்த்து ஒருநாளும் வாய் திறந்ததில்லை, உண்மைதான். ஆனால் அவள் அழும்போது குழாயை மூடிவிட்டு, துண்டை எடுத்துக் கொடுத்தவன். பால் நன்றாகத் தூக்கம் கொடுத்தது. கிணற்றில் போட்ட கல்லாய்த் தூங்கினாள்.

அடுத்த அட்டை அதே பலகைக்கு நடுவே வந்தது. அவள் அம்மாவின் மடியில் உட்கார்ந்து எடுத்துக்கொண்ட ஒரே படத்திலிருந்து அவளுடைய பிஞ்சு முகம் மட்டும் வெட்டப்பட்டு நடுவில் ஒட்டியிருந்தது. படத்தைத் தேடிப் போனாள். அலமாரியில் அது பத்திரமாக இருந்தது. அம்மா சிரித்துக்கொண்டிருந்தாள். மடியில் வட்டமாய் ஓர் ஓட்டை.

ஓரம், முகம் என்று அவள் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தாள். அவள் செய்ததெல்லாம் அதே வரிசையில், அவளுக்கே திரும்பி வந்துகொண்டிருந்தது. எந்தச் சொல் மிச்சம் என்பது அவளுக்குத் தெரியும்.

அன்று மத்தியானம் அவள் நாத்தனாரின் இடது கையைக் கட்டில் சட்டத்தோடு சேர்த்துக் கட்டினாள். பரிசுப் பொட்டலங்களுக்குப் போடும் நாடாவால், மேலே அழகாகப் பூ வைத்து, அடியில் யாராலும் அதே மாதிரி திரும்பப் போட முடியாத தன் முடிச்சைப் போட்டாள். இறுக்கமாகவே போட்டாள். நாத்தனாரின் விரல்கள் நீலம் பாரித்தன.

“இப்ப வெட்டுங்க அண்ணி. பாப்போம்.”

நாத்தனார் முதல் தடவையாகக் கூரையை விட்டுக் கண்ணை நகர்த்தி அவளைப் பார்த்தாள். முகத்தைப் பார்க்கவில்லை. முடியைப் பார்த்தாள்.

கணவன் வந்து நாடாவைக் கண்டான். கதவைச் சாத்திக்கொண்டு வழக்கம்போல அக்காவுக்குக் கஞ்சி ஊட்டினான். அவள் சுவரில் காதை வைத்தாள். கிண்ணத்தில் கரண்டி படும் சத்தம். அவன் குரல். பிறகு ஓர் இடைவெளி, எதிராளி பதில் சொல்லி முடிக்கும் அளவுக்கு நீளமாக. பிறகு மறுபடி அவன் குரல். சரிக்கா. இல்லக்கா. கோணலாப் போயிடுச்சுக்கா, அடுத்த தடவை சரியா வரும். நோயாளியிடம் பேசிக்கொண்டிருந்தால் நல்லது என்று மருத்துவர் சொல்லியிருந்தது நினைவுக்கு வந்தது. அவள் காதை எடுத்துக்கொண்டு போய்ப் பாலைக் குடித்துப் படுத்தாள்.

விடிந்ததும் கழுத்தின் பின்பக்கம் காற்று பட்டது. தொட்டுப் பார்த்தாள். பிடரியில் உள்ளங்கை அகலத்துக்குச் சொரசொரவென்றிருந்தது. பலகைக்கு நடுவே கறுப்பாக, இழை இழையாக, அவள் முடி. இந்த முறை வெட்டு அவ்வளவு கோணல் இல்லை. கை தேறிக்கொண்டிருந்தது.

நாடாவைப் போய்ப் பார்த்தாள். முடிச்சு அவள் போட்டபடியே இருந்தது.

அதற்குமேல் அங்கே இருக்க அவளுக்கு உடம்பில் தெம்பில்லை. தங்கையின் வீட்டுக்குப் போய்விட வேண்டும். அடுத்த சொல் வருவதற்குள் போய்விட வேண்டும். பட்டு போனது, படம் போனது, முடியும் போனது. இனி அவளிடம் வெட்ட என்ன இருக்கிறது என்று யோசிக்கத் தொடங்கி, பாதியிலேயே பயந்து நிறுத்திக்கொண்டாள். பையில் துணிகளை அடைத்தாள். வெளியே மழை பிடித்துக்கொண்டது. தெரு முழுக்கத் தண்ணீர். கூரையில் அது விழும் சத்தமும், ஜன்னல் வழியே வரும் ஈர மண் வாடையும், மேஜையில் ஊறிக் கிடந்த தாள்களின் பூசண வாடையும் சேர்ந்து வீடே பசையில் தோய்ந்த மாதிரி கனத்தது. அவள் வாசலில் பையோடு நின்றாள்.

போன் ஒலித்தது. திங்கட்கிழமை என்பதையே மறந்திருந்தாள்.

‘ஜோடியில் ஒன்று.’

அவ்வளவுதான் வந்திருந்தது. பழக்கதோஷம், அவள் மனசு உடனே நாத்தனாரின் கம்மலுக்குப் போனது. ஒன்றை மட்டும் கழற்றி, கறுப்பு வெல்வெட்டில் வைத்தால் எடுப்பாக இருக்கும். அந்த நேரத்திலும் அப்படித் தோன்றியதை நினைத்து அவளுக்கே அருவருப்பாக இருந்தது. போனைப் பைக்குள் போட்டாள்.

கணவன் நனைந்துகொண்டே சீக்கிரமாக வந்துவிட்டான். பையைப் பார்த்தான். அவள் பிடரியைக் காட்டினாள். எல்லாவற்றையும் அழுதுகொண்டே சொன்னாள், தான் வெட்டியதைக்கூட. அந்தக் குழந்தையின் படத்தைச் சொன்னபோது அவன் தலையை ஆட்டினான், ஏற்கெனவே தெரிந்ததைக் கேட்பது மாதிரி.

“நானே கொண்டுபோய் விடறேன். மழை விடட்டும். கை ஜில்லுனு இருக்கு பாரு, முதல்ல டீயைக் குடி.”

டீ சூடாக, இனிப்புக் கொஞ்சம் தூக்கலாக இருந்தது. அவள் இரண்டு கையாலும் டம்ளரைப் பிடித்துக்கொண்டு முழுதும் குடித்தாள். பயம் கொஞ்சம் கொஞ்சமாய் இறங்கியது. காலும் மரத்தது. பிறகு கை. டம்ளர் கீழே விழுந்ததைப் பார்த்தாள், சத்தம் எங்கோ தூரத்தில் கேட்டது.

கண் விழித்தபோது மழைச் சத்தம் அப்படியே இருந்தது. விளக்கு எரிந்தது. அவள் தன் மேஜையின் மேல் மல்லாக்கக் கிடத்தப்பட்டிருந்தாள். எழப் பார்த்தாள். ஒரு விரல்கூட அசையவில்லை. கத்தப் பார்த்தாள். தொண்டையில் வெறும் காற்று.

தைல வாடை.

தலைமாட்டில் கணவன் நாத்தனாரைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்திருந்தான். நாத்தனாரின் இடது கையில் நாடா இல்லை. அந்தக் கை அவன் மணிக்கட்டின் மேல் இருந்தது. எழுதப் பழகும் பிள்ளையின் கையைப் பிடிப்பது மாதிரி.

அவன் புது அட்டை ஒன்றை எடுத்தான். நடுவில் நீள்வட்டமாய் ஒரு துளை. வெட்டு இந்த முறை பிசிறில்லாமல் இருந்தது.

அவள் கண்ணை மூடப் பார்த்தாள். மூட முடியவில்லை. இமைகளைப் புருவத்தோடு சேர்த்து எதுவோ இழுத்துப் பிடித்திருந்தது. அது காய்ந்து சுரீரென்றது.

“அசையாத. கோணலாப் போனா அக்காவுக்குப் பிடிக்காது,” என்றான் அவன். குரலில் கோபமே இல்லை. குழாயை மூடிவிட்டுத் துண்டு கொடுக்கும்போது பேசும் அதே குரல்.

அட்டையை அவள் முகத்தில் வைத்தான். இடது பக்கம். எடுத்தான். வலது பக்கம் வைத்தான். மறுபடி இடது. துளைக்கு அந்தப் பக்கம் அக்காவும் தம்பியும் கன்னத்தோடு கன்னம் வைத்துக் குனிந்து பார்த்தார்கள்.

“ரெண்டும் வேணாமாம். ஒண்ணே ஒண்ணுதான்.”

அவன் நுனி வளைந்த சின்னக் கத்தரியைத் துணியில் துடைத்தான். அக்காவைப் பார்த்தான். காத்திருந்தான். நாத்தனாரின் உதடு அசையவில்லை.

“சரிக்கா,” என்றான் அவன். அட்டையை வலது பக்கம் வைத்து, ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டான்.