காடு கற்றுக்கொண்ட பெயர்

"காட்டுக்குள்ளே போனதும் யாரும் யாரையும் பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. சரியா?"

வேனிலிருந்து இறங்கிய உடனே லோகன் மாமா போட்ட முதல் சட்டம் இதுதான்.

"ஏன் மாமா?" என்று கேட்டாள் மாதவி.

"பேரைச் சொன்னா காடு கத்துக்கும். அப்புறம் நம்ம குரல்லயே அது கூப்பிட ஆரம்பிச்சிடும். இங்க மலை ஏறுற எல்லாருமே வேற பேருதான் வச்சுக்குவாங்க."

"காடு கூப்பிட்டா என்ன செய்யணும், அங்கிள்?" என்று கேட்டான் ஜீவன்.

"திரும்பக் கூடாது. பதிலும் சொல்லக் கூடாது."

ஜீவனின் கண்கள் அகலமாகின. "கனவுல கூப்பிட்டாக்கூடவா?"

லோகன் மாமா தலையைச் சொறிந்தார். "கனவுலயும் வேணாம் லா. எதுக்கு வம்பு?"

அது பள்ளி விடுமுறை. கிள்ளானில் இருட்டோடு எழுந்து புறப்பட்டு, உலு லங்காட் பக்கத்து மலையடிவாரத்துக்கு வந்திருந்தார்கள். மூன்று நாள் நடை, இரண்டு இரவு கூடாரம். லோகன் மாமா மாதவியின் அம்மாவுக்குத் தம்பி. வாரம் முழுக்க ரயில் பட்டறையில் வேலை செய்வார், லீவு கிடைத்தால் மலைக்கு ஓடிவிடுவார். அடுத்த வீட்டு ராசிக்கும், பல்கலைக்கழகத்தில் படிக்கும் அவனுடைய சஹர் அக்காவும் வந்திருந்தார்கள். ஜீவன் மட்டும் புதியவன். பந்திங் ஊர்ப் பள்ளியிலிருந்து மாறி, மாதவியின் வகுப்பில் சேர்ந்து நாலு மாதம்தான் ஆகிறது. "பாவம், அந்தப் பையனையும் கூப்பிடு" என்று அம்மா சொன்னதால் மாதவி கூப்பிட்டிருந்தாள்.

பெயர் வைப்பதென்றால் மாதவிக்குக் கரும்பு தின்னக் கூலி கொடுத்த மாதிரி. எல்லாருக்கும் தானே வைப்பதாகச் சொன்னாள்.

"மாமா, நீங்க கொமியூட்டர் ரயிலு. எல்லா இடத்துலயும் நின்னு நின்னுதான் போவீங்க. சஹர் அக்கா மைலோ. ஏன்னா மைலோ பவுடர் டின் அவங்க பைலதான் இருக்கு."

"நான் புலி!" என்று குதித்தான் ராசிக்.

"டேய், டேய்!" என்று மாமா அவன் வாயைப் பொத்தினார். "காட்டுல நின்னுக்கிட்டு அவரை ஏன்டா கூப்பிடுறே?"

ஆகவே ராசிக், நூடுல்ஸ் பேரில், மெகி ஆனான். மாதவி தனக்கு மின்னல் என்று வைத்துக்கொண்டாள். பெயர் வைப்பவருக்கு அந்தச் சலுகை உண்டுதானே!

கடைசியாக ஜீவன் பக்கம் திரும்பினாள். அவன் முதுகில் அவனைவிடப் பெரிய பை. அதைத் தூக்கிக்கொண்டு மெதுவாக, பெருமூச்சு விட்டபடி வந்துகொண்டிருந்தான்.

"சரக்கு ஏத்துன லோரி!" என்றாள் மாதவி.

எல்லாரும் சிரித்தார்கள். ஜீவனும் சிரித்தான், ஆனால் எல்லாரும் சிரித்து முடித்த பிறகு.

முதல் நாள் பாதை ஆற்றை ஒட்டியே போனது. மரங்கள் அவ்வளவு உயரம். வெயில் கீழே வந்து சேர்வதற்குள் பச்சையாகிவிட்டது. பட்டாம்பூச்சிகள் ஈர மணலில் உட்கார்ந்திருந்தன. அவை எழுந்து பறந்தபோது எல்லாரும் நின்று பார்த்தார்கள்.

ஜீவன்தான் அடிக்கடி பின்தங்கினான். பை கனம் மட்டும் காரணமில்லை. அவன் நின்று நின்று எதையோ காதுகொடுத்துக் கேட்டபடி வந்தான்.

"லோரி! ஹார்ன் அடி!" என்று ராசிக் கத்துவான். மாதவி விழுந்து விழுந்து சிரிப்பாள்.

சாயங்காலம் ஆற்றோரம் கூடாரம் போட்டார்கள். மெகி நூடுல்ஸ் கொதித்தது. ஜீவன் தன் பையைத் திறந்தான். உள்ளே ஒரு பெரிய டப்பா நிறைய காரமான நெத்திலிக் கருவாட்டுச் சம்பல், பதினைந்து அவித்த முட்டை, இரண்டு பாக்கெட் ரொட்டி. ஒரு கல்யாணத்துக்கே போதும்.

"எல்லாருக்கும் சேர்த்து அம்மா கொடுத்தாங்க" என்றான் மெல்ல.

"சரக்கு இறக்குங்கப்பா, லோரி வந்திருச்சு!" என்று ராசிக் தட்டை நீட்டினான். எல்லாரும் மறுபடி மறுபடி போட்டுக்கொண்டார்கள். சம்பல் அவ்வளவு ருசி. ஜீவன் மட்டும் கொஞ்சமாகச் சாப்பிட்டுவிட்டு ஆற்றோரமாகப் போய் உட்கார்ந்தான்.

மறுநாள் காலை மாதவி கண் விழித்தபோது கூடாரத்துக்கு வெளியே ஆறு மட்டும் பேசிக்கொண்டிருந்தது. அப்போது மேலே எங்கோ ஒரு பறவை கூப்பிட்டது. தாழ்வாக ஒன்று, உயரமாக ஒன்று, மறுபடி தாழ்வாக ஒன்று. மூன்றே சுரம்.

கீழேயிருந்து அதே மூன்று சுரத்தில் ஒரு பதில் போனது.

மாதவி தலையை வெளியே நீட்டிப் பார்த்தாள். ஆற்று நடுவில், ஒரு பாறைமேல் ஜீவன் உட்கார்ந்து விசில் அடித்துக்கொண்டிருந்தான். பறவை கூப்பிடும். அவன் பதில் சொல்வான். பனி அவன் காலடியில் நகர்ந்து போனது. தான் இன்னும் கனவுக்குள்தான் இருக்கிறோமோ என்று மாதவிக்குச் சந்தேகமாக இருந்தது.

"என்ன பறவை அது?" என்று கேட்டாள்.

"தெரியல" என்றான். "பேரு கேட்டா சொல்லாது. அதுக்கும் அங்கிள் சட்டம் போட்டிருப்பாரு."

மாதவி சிரித்தாள். இவன் இவ்வளவு நன்றாகப் பேசுவானா என்று ஆச்சரியமாக இருந்தது. ஆனால் அதற்குள் ராசிக் எழுந்து, "லோரி, வண்டியை எடு!" என்று கத்தினான். ஜீவன் வாயை மூடிக்கொண்டு எழுந்து போனான்.

அன்றைக்குத்தான் ஏற்றம். முன்னால் லோகன் மாமா, பின்னால் சஹர் அக்கா, நடுவில் பிள்ளைகள். வேர்களைப் பிடித்துப் பிடித்து ஏறினார்கள். மதியம் ஆனபோது மூடுபனி இறங்கியது. முதலில் தூரத்து மரங்கள் மறைந்தன, பிறகு பக்கத்து மரங்களும். எல்லாம் வெள்ளை. யாரோ மலையைப் பஞ்சில் பொதிந்து வைத்துவிட்டார்கள்.

"ஆ! அட்டை! கழுத்துல அட்டை! நான் செத்தேன்!"

அது ராசிக். சஹர் அக்கா பின்னாலிருந்து ஓடி வந்தாள். விரல் நகம் அளவு அட்டை ஒன்று. அதை எடுத்துப் போடுவதற்குள் அவன் போட்ட கூச்சல் கிள்ளான் வரைக்கும் கேட்டிருக்கும். எல்லாரும் சிரித்து முடித்துத் திரும்பிப் பார்த்தார்கள்.

ஜீவனைக் காணோம்.

"லோரி!" என்று கூப்பிட்டான் ராசிக். பதில் இல்லை.

"லோரி! லோரி!" மாதவியும் கூப்பிட்டாள். பனிக்குள் போன குரல் திரும்பி வரவில்லை.

மாமாவின் முகம் மாறியது. "சட்டமாவது, மண்ணாங்கட்டியாவது" என்று சொல்லிவிட்டு, இரண்டு கையையும் வாயில் குவித்து, "ஜீவன்! ஜீவன்!" என்று கத்தினார்.

எங்கோ ஒரு இலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. அவ்வளவுதான்.

"சஹர், பிள்ளைங்களைப் பாத்துக்க. இங்கயே நில்லுங்க" என்று சொல்லிவிட்டு மாமா வந்த வழியே இறங்கினார். பத்தே அடியில் பனி அவரையும் மறைத்துவிட்டது. அவருடைய குரல் மட்டும் கேட்டது. பிறகு அதுவும் தூரமாகப் போனது.

மாதவி பனியையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஜீவனைக் கூப்பிட்டு வந்தது அவள். அவனுக்குப் பெயர் வைத்ததும் அவள். நேற்றிலிருந்து அந்தப் பெயருக்கு ஜீவன் ஒரு தடவையாவது "ஓய்" என்று பதில் சொன்னானா? அவள் யோசித்துப் பார்த்தாள். இல்லை. ஒரு தடவைகூட இல்லை. பேசாமல் வந்து நின்றான், அவ்வளவுதான். அவனுக்கு அந்தப் பெயர் பிடிக்கவே இல்லை. எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டியது. யாரும் கவனிக்கவில்லை.

"பேரைச் சொல்லி மறுபடி கத்துவோமா?" என்று கேட்டான் ராசிக்.

"வேணாம்" என்றாள் மாதவி சட்டென்று. "காட்டுல பேரு கேட்டா பதில் சொல்லக் கூடாதுன்னு மாமா சொன்னாருல்ல? அவன் அதை அப்படியே நம்பிட்டான். கனவுலகூடப் பதில் சொல்ல மாட்டான். நாம கத்தக் கத்த இன்னும் பயப்படுவான்."

"அப்போ எப்படித்தான் கூப்பிடுறது?"

மாதவி கண்ணை மூடினாள். ஆறு, பாறை, காலடியில் நகர்ந்த பனி. உதட்டைக் குவித்து ஊதினாள். வெறும் காற்றுதான் வந்தது, கொஞ்சம் எச்சிலும். அவளுக்கு விசில் அடிக்க வராது. வேறு வழியில்லாமல் வாயைத் திறந்து பாடினாள்.

"தூ... தீ... தூ..."

ராசிக் அவளை விநோதமாகப் பார்த்தான். அவள் விடவில்லை. மறுபடியும் பாடினாள். மூன்றாவது தடவை சஹர் அக்காவும் சேர்ந்துகொண்டாள்.

வெள்ளைக்குள்ளிருந்து, இடது பக்கமாக, மெல்லிய விசில் ஒன்று வந்தது. தாழ்வாக ஒன்று, உயரமாக ஒன்று, மறுபடி தாழ்வாக ஒன்று.

மூவரும் கையைக் கோத்துக்கொண்டு இறங்கினார்கள். அவள் பாட, அவன் பதில் சொல்ல, நாற்பது அடிகூட இருக்காது. பெரிய வேர் ஒன்றில் பாதை இரண்டாகப் பிரிந்தது; மாமா இறங்காத பக்கத்தில், விழுந்து கிடந்த மரத்தின்மேல் ஜீவன் பையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கன்னம் ஈரமாக இருந்தது. பனியாகவும் இருக்கலாம்.

சஹர் அக்கா தன் ஊதலை எடுத்து மாமாவுக்காக ஊதினாள். மாதவி அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நாங்க கூப்பிட்டது கேக்கலையா?"

"கேட்டுச்சு. ஷூ கயிறு கட்ட உட்கார்ந்தேன். பனி வந்திருச்சு, வழி தெரியல. அதான் நகராம இருந்தேன். ஆனா பதில் சொல்லல." அவன் தரையைப் பார்த்தபடியே சொன்னான். "பந்திங் ஸ்கூல்லயும் என்னை லோரின்னுதான் கூப்பிட்டாங்க. இங்க யாருக்கும் தெரியாதுன்னு நினைச்சேன். யாரும் சொல்லாமலே நீயும் அதையே வச்சுட்ட. நான் பதில் சொன்னா காடும் கத்துக்கும்ல? அப்புறம் என்னைக்கும் அதான் என் பேரு."

மாதவி அவன் பக்கம் திரும்பினாள். "தப்புப் பண்ணிட்டேன், ஜீ..." பெயரைப் பாதியில் விழுங்கிக்கொண்டாள். "மன்னிச்சிரு."

"அப்புறம் என் பேரைச் சொல்லியும் கூப்பிட்டுச்சு. அங்கிள் குரல் மாதிரியே! அதான் ரொம்பப் பயந்துட்டேன்."

"அது மாமாவேதான்!"

ஜீவன் ஒரு நிமிடம் விழித்தான். பிறகு சிரித்தான். இந்த முறை அவன்தான் முதலில் சிரித்தான்.

மூச்சு இரைக்க ஓடி வந்த லோகன் மாமா, விஷயத்தைக் கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். "நான் போட்ட சட்டம் எனக்கே ஆப்பு வச்சிருச்சு லா!"

"உனக்கு என்ன பேரு வேணும்? நீயே சொல்லு" என்றாள் மாதவி.

ஜீவன் யோசித்தான். "பேரு வேணாம். இப்போ கூப்பிட்டியே, அப்படியே கூப்பிடு."

"அது காட்டோட பேருப்பா. அதைக் காட்டுக்கிட்ட மறைக்க வேண்டியதில்ல" என்றார் மாமா. ராசிக் ஜீவன் பையைத் திறந்து ரொட்டிப் பாக்கெட்டுகளைத் தன் பைக்குள் திணித்துக்கொண்டான். முட்டையை மாதவி எடுத்துக்கொண்டாள்.

அன்றிரவு மேட்டுக் கூடாரத்தில் எல்லாரும் அடித்துப் போட்டதுபோல் தூங்கினார்கள். மூன்றாம் நாள் விடியலில் உச்சி. கீழே எங்கு பார்த்தாலும் மேகம். அதற்கப்பால் கோலாலம்பூரின் கோபுரங்கள் நுனி மட்டும் காட்டிக்கொண்டிருந்தன. அவற்றுக்கும் அப்பால் எங்கேயோ கிள்ளான், அவர்களுடைய வீடு, பள்ளிக்கூடம். எல்லாம் இன்னும் தூங்கிக்கொண்டிருந்தது.

மேகத்துக்கு அடியிலிருந்து அந்தப் பறவை கூப்பிட்டது.

"உன்னைத்தான் கூப்பிடுது" என்றாள் மாதவி மெதுவாக. "காடு கத்துக்கிச்சு."

"பதில் சொல்லலாமா, அங்கிள்?"

"சொல்லு லா. இதுக்குச் சட்டம் கிடையாது."

ஜீவன் விசிலடித்தான். பறவை பதில் சொன்னது. வெயில் மேகத்தின்மேல் மஞ்சளாகப் பரவும் வரை யாரும் அசையவில்லை.

மலையடிவாரத்தில் எல்லாருக்கும் பழைய பெயர் திரும்பி வந்தது. வீடு போய்ச் சேரும் வரை மாதவி வேனில் உதட்டைக் குவித்து ஊதிக்கொண்டே வந்தாள். "அக்கா, இவ எச்சில் எல்லாம் என் மேல!" என்று ராசிக் அலறினான். விடுமுறை முடியும் வரை அவள் விடாமல் ஊதினாள். குளியலறையில் ஊதினாள். தோசை தின்றுகொண்டே ஊதி அம்மாவிடம் திட்டு வாங்கினாள்.

திங்கட்கிழமை காலை, பள்ளித் திடல் ஒரே இரைச்சலாக இருந்தது. ஜீவன் வழக்கம்போல் தனியாக, தூரத்தில், வேலியோரமாக நடந்து வந்துகொண்டிருந்தான்.

மாதவி உதட்டைக் குவித்தாள். தாழ்வாக ஒன்று வந்தது. உயரமாக வந்தது பாதி காற்று. மூன்றாவது கொஞ்சம் கோணல்தான்.

அத்தனை சத்தத்துக்கு நடுவிலும் ஜீவன் சட்டென்று திரும்பினான்.