பதினோராம் அறை அழைக்கிறது

அழித்த பிறகும் அந்தக் கோப்பு இடத்தை விடவில்லை.

முதியோர் இல்லத்தின் படிக்கட்டுக்கு அடியில், நிமிர்ந்தால் தலை இடிக்கும் ஒரு பொந்தில்தான் சர்வர் இருந்தது. அதைப் பராமரிப்பவள் எந்நேரமும் அந்தப் பொந்துக்குள்ளேயே குனிந்து கிடந்ததால் நர்ஸுகள் அவளுக்கு எலி என்று பெயர் வைத்திருந்தார்கள். அவளும் அதற்கெல்லாம் முகம் சுளித்ததில்லை. கட்டில்தோறும் தொங்கும் அழைப்பு மணியை யாராவது அழுத்தினால், சேதி முதலில் சர்வருக்கு வந்து பதிவாகும். பிறகுதான் நர்ஸுகளின் மேஜையில் ஒலிக்கும். பதிவு செய்ய டிஸ்கில் இடமில்லை என்றால் மணி ஊமை.

காலையில் அப்படித்தான் ஆனது. மூன்றாம் அறை அம்மா கட்டிலிலிருந்து விழுந்து, கையெட்டிய மணியை அழுத்தி அழுத்தி ஓய்ந்துபோனார். ஒருவர் காதிலும் விழவில்லை. இடுப்பெலும்பு முறிந்து இப்போது ஆஸ்பத்திரியில்.

எலி அரக்கப்பரக்க வந்து தேடினாள். ஒரே ஒரு பதிவுக் கோப்பு ஊதிப்போய் டிஸ்கை அடைத்துக்கொண்டிருந்தது. அழித்தாள். கோப்பின் பெயர் மறைந்தது. டிஸ்க் மட்டும் நிரம்பியபடியே இருந்தது.

இதிலொன்றும் அதிசயமில்லை என்று தன்னையே தேற்றிக்கொண்டாள். ஏதாவது ஒரு ப்ராசஸ், ஓடிக்கொண்டிருக்கும் ஒரு நிரல், கோப்பைத் திறந்து பிடித்துக்கொண்டிருந்தால், அழித்தாலும் பெயர்தான் போகும். பிடித்த பிடி விடும்வரை இடம் திரும்பாது. எது பிடித்திருக்கிறது என்று பார்த்தாள்.

பதினோராம் அறையின் மணி.

அந்த அறை காலியானதும் அவள் தன் கையாலேயே நிறுத்திய ப்ராசஸ் அது. இப்போது ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்தச் சொன்னாள், நிற்கவில்லை. எந்தப் ப்ராசஸும் தட்ட முடியாத கடைசி உத்தரவைக் கொடுத்துப் பார்த்தாள். அசையவே இல்லை. எதற்கோ காத்திருக்கிறது என்று மட்டும் திரை சொன்னது. அப்படிக் காத்திருப்பதைக் கொல்ல முடியாது. காத்திருந்தது வந்து சேரவேண்டும்.

மேலே போனாள். பெரிய சிஸ்டர் மாத்திரைத் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"சிஸ்டர், பதினொண்ணுல யாரையாவது புதுசா சேத்திருக்கீங்களா?"

"இல்லையே. பூட்டியே கெடக்கு. பெல்லக்கூட எலக்ட்ரீஷியன் கழட்டிட்டுப் போயிட்டாரே. ஏன் கேக்குற?"

"அங்கேருந்துதான் சேதி வந்துகிட்டே இருக்கு."

சிஸ்டரின் கை ஒரு கணம் தட்டின்மேல் நின்றது. "வயர் எங்கியாவது ஒட்டிக்கிட்டிருக்கும். சீக்கிரம் பாரும்மா. மறுபடி ஒருத்தர் விழுந்தா என்னால தாங்க முடியாது."

"சர்வர அணைச்சுப் போடணும். அதுவரைக்கும் யாருக்கும் மணி அடிக்காது."

"வராந்தாவுல ஆயாம்மாங்கள நிறுத்துறேன். நீ போ."

சர்வர் அணைந்தது. காற்றாடிகளின் இரைச்சல் இழுத்து இழுத்து அடங்க, படிக்கட்டுக்கு மேலே யாரோ செருப்பைத் தேய்த்து நடப்பதும், சுவருக்குள் குழாயில் தண்ணீர் இறங்குவதும், சூடேறிய தூசியின் கருகல் வாசமும் அந்தப் பொந்துக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து கவிந்தன. மீண்டும் உயிர் கொடுத்தாள். டிஸ்க் காலி. மூன்றாம் அறை மணியை ஒருவர் அழுத்திப் பார்க்க, மேலே மேஜையில் கணீரென்று ஒலித்தது. எலிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

டிஸ்கின் அளவு ஏறத் தொடங்கியது.

பதிவைத் திறந்தாள். பதினொன்று, அழுத்தம். பதினொன்று, அழுத்தம். மணியை விட்டதற்கும் ஒரு வரி வரவேண்டும். வரவே இல்லை. விடாமல் அழுத்தம். காலி அறை என்பதால் மேஜையில் அதன் ஒலியை மட்டும் முன்பே துண்டித்திருந்தார்கள். அவள் பார்க்கப் பார்க்க வரிகள் கண்ணுக்குப் பிடிபடாத வேகத்தில் ஓடின.

சாவியை வாங்கிக்கொண்டு போனாள். பதிவு இப்போது அவள் கைப்பேசியில் ஓடிக்கொண்டிருந்தது. வெயில் சாய்ந்து, வராந்தாவில் ஜன்னல்களின் நிழல் நீண்டு கிடந்தது. தரை கழுவிய மருந்தின் நெடிக்கு அடியில் தைல வாசம். ஒவ்வொரு கதவாகக் கடக்கையில் இருமல், ரேடியோ, ஒரு முனகல். கடைசி இரண்டு கதவுகளுக்குப் பின்னால் எந்தச் சத்தமும் இல்லை.

பதினொன்றைத் திறந்தாள். மெத்தை இல்லாத இரும்புக் கட்டில். திரையில்லாத ஜன்னல். கட்டிலின் தலைமாட்டில், சுவரில், மணி இருந்த இடத்தில் ஒரு ஓட்டை. இரண்டு வயர்கள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன, ஒன்றையொன்று தொடாமல். எலக்ட்ரீஷியன் இரண்டின் முனையிலும் டேப் சுற்றியே வைத்திருந்தார்.

கைப்பேசியைப் பார்த்தாள். அழுத்தம். அழுத்தம்.

இடது கையால் கட்டில் கம்பியைப் பிடித்துக் குனிந்து, ஓட்டைக்குள் விளக்கடித்துப் பார்த்தாள். செங்கல். தூசி. வேறொன்றுமில்லை.

வரிகள் நின்றன.

நிம்மதியாக நிமிரப் போனவளின் கண்ணில் புதிதாக வந்த ஒரு வரி பட்டது. மணி அடித்தவரிடம் நர்ஸ் வந்து, வந்ததற்கான பொத்தானைத் தட்டினால் மட்டுமே பதிவாகும் வரி.

பதினொன்று, ஆள் வந்தாயிற்று.

அவள் எதையும் தட்டவில்லை. அந்த அறையில் தட்ட எதுவும் இல்லை.

கைப்பேசி அதிர்ந்தது. பெரிய சிஸ்டர்.

"எலி, பதினொண்ணு இப்ப இங்க மேஜையில அடிக்குது. நீதான வயரத் தொட்டுப் பாக்குற?"

"இல்ல சிஸ்டர்."

"நிக்கவே மாட்டேங்குது. அங்க யாரு இருக்கா?"

கட்டிலின் ஸ்பிரிங் கிறீச்சிட்டது. தலைமாட்டில் ஒன்று தாழ்ந்தது. அடுத்தது. அடுத்தது. படுத்திருப்பவர் புரண்டு, விளிம்புக்கு வருவதுபோல. அவள் பக்கத்து விளிம்புக்கு.

கதவு திறந்துதான் இருந்தது. எட்டி நடந்தால் வராந்தா. கால் நகர்ந்தது. கை வரவில்லை.

"எலி? கேக்குதா?"

குனிந்து பார்த்தாள். கட்டில் கம்பியைப் பிடித்திருந்த இடது கையின் மணிக்கட்டில் தோல் உள்ளே குழிந்திருந்தது. மேல்பக்கம் நான்கு குழி, வரிசையாக. அடிப்பக்கம் ஒன்று, அகலமாக. ரத்த ஓட்டம் நின்று அந்த ஐந்தும் வெளுத்துக்கொண்டிருந்தன.

பிடி மென்மையாகத்தான் இருந்தது. வயதானவர்களின் கை போல, சில்லென்று.

பிறகு அது மெல்ல மெல்ல அவளைக் கீழே இழுத்தது, கட்டிலில் தன் பக்கத்தில் உட்காரச் சொல்லி.