மார்செல்லாவின் வாயசைப்பு

வசனம் முடிந்த பிறகும் திரையில் மார்செல்லா டேனின் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன.

ஆஃப்ரின் ஹெட்போனைச் சரிசெய்துகொண்டாள். ஒரு காலத்தில் ஹாலிவுட்டையே கிறங்கடித்த அந்த அழகி போன வாரம்தான் செத்துப்போயிருந்தாள். உடனே டிவிக்காரர்கள் அஞ்சலி செலுத்த ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் பேட்டியைத் தேடிப்பிடித்து, தமிழில் குரல் கொடுக்கச் சொல்லி ஆஃப்ரினிடம் அனுப்பிவிட்டார்கள். உயிரோடு இருந்தவரை அவளை இங்கே ஒருத்தரும் கண்டுகொள்ளவில்லை. செத்ததும் ஆளாளுக்கு உருகுகிறார்கள்.

"அக்கா, டீ குடிச்சுப்போட்டு வாரனுங்க. ரெக்கார்டிங் ஓடட்டும், நீங்க பேசிட்டே இருங்க" என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டுப் போயிருந்தான் சவுண்ட் என்ஜினியர் ஆதர்ஷ். பீளமேட்டுப் பஸ்களின் இரைச்சல் அந்தக் கதவோடு நின்றுபோனது. சத்தம் வரக் கூடாதென்று ஏசியையும் அணைத்திருந்ததால், பஞ்சு அடைத்த அந்தச் சின்ன அறைக்குள் புழுங்கிய துணி வாடையும், எங்கிருந்தோ வந்த பழைய முகப்பவுடர் வாசனையும், அவளுடைய மூச்சு அவள் காதிலேயே திரும்பி வந்து விழும் சத்தமும்தான் இருந்தன. கண்ணாடிக்கு அந்தப் பக்கம், ஆதர்ஷின் நாற்காலியில், பள்ளிக்கூடம் விட்டு வந்த அவள் மகள் சமீரா படம் வரைந்துகொண்டிருந்தாள். இது முடிந்தால் இரண்டு பேரும் வீட்டுக்குப் போகலாம்.

திரையில் மார்செல்லா கேமராவை நேராகப் பார்த்துச் சிரித்தாள். மெல்ல உதடு பிரித்தாள்.

"இந்த ரூம் ரொம்பச் சின்னது" என்றாள் ஆஃப்ரின்.

கையிலிருந்த தாளில் அப்படி ஒரு வரி இல்லை. உதடு அசைந்தால் வாய் தானாக ஓடிவிடும், தொழில் பழக்கம் என்று தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டு வாயை மூடப் பார்த்தாள். மூட முடியவில்லை.

"எனக்குத் தனியா இருக்கப் பிடிக்கல."

அவள் குரல்தான். அவள் பேசவில்லை.

ஹெட்போனைக் கழற்றி எறிந்தாள். கதவை இழுத்தாள். வரவில்லை. இரண்டு கையாலும் அடித்தாள். பஞ்சு அத்தனை சத்தத்தையும் விழுங்கியது. திரைக்கு முதுகு காட்டி நின்று கண்ணை இறுக்கிக்கொண்டாள். அப்போதும் வாய் பேசியது.

"சமீரா, உள்ளே வா கண்ணு."

வெளி ஸ்பீக்கரில் கேட்டிருக்க வேண்டும். சமீரா நிமிர்ந்தாள். வராதே, வராதே என்று ஆஃப்ரின் வெறிபிடித்தவளாய்த் தலையை ஆட்டினாள். இரண்டு கையாலும் வாயைப் பொத்தினாள். விரல்களுக்கிடையே வார்த்தைகள் கசிந்தன.

"அம்மா சும்மா விளையாடுறேன். கதவைத் தள்ளிட்டு வா."

சமீரா சிரித்துக்கொண்டே ஓடி வந்தாள்.

வெளியிலிருந்து தள்ளியதும் கதவு சுலபமாகத் திறந்தது. ஆஃப்ரின் பாய்ந்து பிடிப்பதற்குள், குழந்தை அவள் இடுப்பை உரசிக்கொண்டு திரைப் பக்கம் போய்விட்டாள். கதவு சாத்திக்கொண்டது.

அறையில் ஆஃப்ரினைத் தவிர யாரும் இல்லை.

சமீரா திரையில் இருந்தாள். மார்செல்லாவின் மடியில். நீலச் சீருடை சாம்பல் நிறமாகியிருந்தது. வைர வளையல் போட்ட கை அவள் தலையைக் கோதிக்கொண்டிருந்தது.

சமீராவின் உதடுகள் அசைந்தன.

ஆஃப்ரினின் வாய் திறந்தது.

"அம்மா, பயமா இருக்கும்மா."