காணாமல் போன நான்காவது துடிப்பு

செல்போன் அலறியது.

"டாக்டரம்மா... உடனே வாங்க! உங்க குதிரை தனக்கோடியைக் கொன்னுடுச்சு!"

ஜெய்னப் சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

குரோம்பேட்டை ஃப்ளாட்டில் ஒரே தட்டு, ஒரே டம்ளர் என்று வாழ்கிற கால்நடை மருத்துவர். 'சாப்ட்டியாம்மா?' என்று அவளைத் தினமும் கேட்க உலகத்தில் ஒரே ஆள்தான் இருந்தார். குதிரைக்காரர் தனக்கோடி.

அவரும் போய்விட்டார்!

முடிச்சூர் லாயம். தனக்கோடி மேல் வேட்டியைப் போர்த்தியிருந்தார்கள். நெற்றியில் லாடத்தின் வடிவில் காயம். பக்கத்தில் சிந்தூரி... காது இரண்டும் உள்பக்கம் வளைந்த மார்வாரிக் குதிரை. குளம்பில் ரத்தம்!

நாட்டுக் குதிரைகளின் இதயத்தை ஆராய்கிறவள் ஜெய்னப். காலையில்தான் சிந்தூரியின் நெஞ்சில் துடிப்பைப் பதிவு செய்யும் மெஷினைக் கட்டிவிட்டுப் போயிருந்தாள்.

"ஓனர் கண்ணால பார்த்திருக்கார் மேடம்," என்றார் இன்ஸ்பெக்டர் சுப்பராயலு. "வெறி பிடிச்ச குதிரை. ஊசி போட்டு முடிச்சிடுங்க."

சிந்தூரியும் போய்விட்டால்..? நினைக்கவே பயமாக இருந்தது.

"பத்து நிமிஷம் சார். மெஷினைப் பார்த்துடறேன்."

"நல்லா பாருங்க!" என்றார் ஓனர் ராஜகோபால். கல்யாணங்களுக்குக் குதிரை வாடகை விடுகிறவர். "ஏதாச்சும் ஆனா மெஷின்ல இருக்கற சிவப்பு பட்டனை அமுக்கணும்னு சொல்லிகினே இருப்பீங்களே... உதைச்ச உடனே நான்தான் அமுக்குனேன்!"

மெஷினோடு அவள் இணைத்த சின்னப் பிரிண்டர் காகிதத்தைத் துப்பியது. இரண்டு பத்துக்குப் பட்டன் அடையாளம்.

ராஜகோபால் எட்டிப் பார்த்தார்.

"ஐயய்யோ! மூணு துடிக்குது, நாலாவதைக் காணோம். மறுபடி மூணு... ஹார்ட்டே கெட்டுப் போச்சு சார்! அந்த வலியிலதான் உதைச்சுகீது!"

"அப்படியா மேடம்?"

"துடிப்பு விட்டுப் போறது நிஜம் சார்."

"அப்புறமென்ன? ஊசியைப் போடுங்க!"

"யாருக்கு?"

"இன்னாது..?"

ஜெய்னப் நிமிர்ந்தாள்.

"நல்ல குதிரை நிம்மதியா நிக்கறப்போ இதயம் இப்படித்தான் சார் நடுநடுவுல ஒரு துடிப்பை விடும். மிரண்டா ஒண்ணைக்கூட விடாது. நிமிஷத்துக்கு நூறைத் தாண்டி ஓடும். இங்க வெறும் முப்பத்திரெண்டு! அதுக்கு முன்னாடி அரை மணி நேரமும் இதேதான். இவர் பட்டனை அமுக்கினப்போ சிந்தூரி நின்னுகிட்டே தூங்கிட்டிருந்தா!"

"சார், இந்தம்மா..."

"ரெண்டே காலுக்குத்தான் நூத்திப்பத்துக்கு எகிறுது. அப்போதான் அவளை இழுத்துட்டுப் போய் ரத்தத்துல காலை வெச்சிருக்காங்க!"

"சார்!" என்று கான்ஸ்டபிள் கத்தினார். வைக்கோலுக்கு அடியில் ஓர் உருட்டுக்கட்டை... முனையில் ஆணியடித்த லாடம்!

ராஜகோபால் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"ஊர்வலத்துல ஆடறதுக்குக் குதிரைக்கு நான் போதை ஊசி போடறதை இந்தம்மாகிட்ட சொல்லிடுவேன்னு ஒரே பேஜார் பண்ணான் சார்... ஒரே அடிதான்..."

ஜீப் அவரை ஏற்றிக்கொண்டது.

ஜெய்னப் குதிரையின் கழுத்தில் முகம் புதைத்தாள். இனி அவளைச் சாப்பிட்டாயா என்று கேட்க யாருமில்லை. அடக்கி வைத்த அழுகை வந்தது.

"சாப்ட்டியாம்மா?" என்று சிந்தூரியைக் கேட்டாள்.

சுப்பராயலு பேனாவால் தலையைச் சொறிந்தார்.

"மேடம்... குதிரை சாட்சின்னு எஃப்.ஐ.ஆர்-ல எப்படி எழுதறது?"

ஜெய்னப் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"தைரியமா எழுதுங்க சார். கோர்ட்டுல பிறழ்சாட்சி ஆகாத ஒரே ஆள் இவதான்!"