ஏணி கட்டும் கயிறு

எங்கள் அப்பாவிடம் ஒரு குட்டி யானை இருக்கிறது. தும்பிக்கை கிடையாது, நாலு சக்கரம் உண்டு. சின்ன லோடு வண்டிக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர்.

அப்பா நெடுமாறன் பெயிண்டர். நெய்வேலி டவுன்ஷிப் குவார்ட்டர்ஸ்களுக்கு வெள்ளையடிக்கிற காண்டிராக்ட் வேலை. மாடிச் சுவர் எட்ட வேண்டுமே, அதற்காகப் பதினாறு அடி ஏணி ஒன்று உண்டு. வண்டியின் மேல் படுக்க வைத்தால் பின்னால் நாலடி நீட்டிக்கொண்டு நிற்கும்.

அந்த ஏணியில் ஏறுவது அப்பா இல்லை. உயரம் என்றால் அப்பாவுக்குத் தலை சுற்றும். பெயிண்டருக்குத் தலை சுற்றலாமா என்று கேட்காதீர்கள். நாங்கள் எல்லாரும் கேட்டு முடித்துவிட்டோம்.

ஏறுவது வேணு சித்தப்பா. அப்பாவின் கூடப் பிறந்தவர் இல்லை. எட்டு வருஷமாகச் சேர்ந்து வேலை செய்து அண்ணன் தம்பி ஆகிவிட்டார்கள். மந்தாரக்குப்பத்தில் எங்கள் வீட்டிலிருந்து நாலு வீடு தள்ளி அவர் வீடு. அவருடைய மகள் அபியும் நானும் ஆறாம் வகுப்பு, ஒரே பெஞ்சு.

சித்தப்பா ஏணி உச்சியில் நின்று பாட்டுப் பாடுவார். பாட்டு சுமார்தான். ஒரு குவார்ட்டர்ஸ் அம்மா, "பாட்ட நிறுத்தினா டீ தரேன்" என்றாராம். சித்தப்பா இறங்கி வந்து டீயைக் குடித்துவிட்டு, மேலே ஏறி விட்ட இடத்திலிருந்து பாடினாராம்.

இதெல்லாம் போன மாதம் வரைக்கும்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. அபிக்கு ஊஞ்சல் ஆட ஆசை வந்துவிட்டது. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் காலி மனையில் ஒரு புங்கமரம் இருந்தது. கயிறுதான் இல்லை. எனக்குத் தெரிந்த நல்ல கயிறு ஒன்றே ஒன்று. ஏணி கட்டுவதற்கென்றே அப்பா வண்டியில் சுருட்டி வைத்திருந்த நீல நைலான் கயிறு.

வண்டிச் சாமானைத் தொடக் கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். நான் தொட்டேன்.

இருட்டும் வரை ஆடினோம். நான் முடிச்சை அவிழ்க்கப் போனபோது அபி தடுத்தாள்.

"கழட்டாத நிலா. நாளைக்கு ஸ்கூல் வுட்டு வந்து ஆடலாம்."

"சரி" என்றேன். வீட்டுக்குப் போனதும் கயிற்றை மறந்தே போனேன்.

மறுநாள் காலை. அம்மா எனக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தார். வாசலில் அப்பா வண்டியைத் தலைகீழாகப் புரட்டாத குறை.

"நிலா, வண்டியில இருந்த கயித்தப் பாத்தியா?"

"இல்லப்பா."

அதைச் சொல்ல எனக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. திட்டு விழுமே என்ற பயம். சாயங்காலம் அவிழ்த்து வந்து சத்தமில்லாமல் போட்டுவிடலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

"வுடுண்ணா" என்றார் வேணு சித்தப்பா. "இன்னும் கயித்தத் தேடிகினு நின்னா ஷிப்ட் பஸ்ஸெல்லாம் கெளம்பிடும், ரோட்ல மாட்டிக்குவோம். நான் பின்னால குந்திகினு ஏணியப் புடிச்சிக்கிறேன். இங்கருந்து இங்கதான?"

அப்பா யோசித்தார். "கெட்டியாப் புடிச்சிக்குவியா?"

"என் ஏணிய நான் புடிக்க மாட்டனா?"

சித்தப்பா பெயிண்ட் டப்பாக்களுக்கு நடுவில் உட்கார்ந்து இரண்டு கைகளாலும் ஏணியை அணைத்துக்கொண்டார். வண்டி கிளம்பியது. நான் வாசலிலிருந்து கை காட்டினேன்.

"டாட்டா காட்ட கை இல்ல நிலா. தலைய ஆட்டறேன், வச்சிக்கோ" என்று தலையை ஆட்டினார். அம்மாகூடச் சிரித்தார்.

இரண்டாவது பீரியடில் தலைமை ஆசிரியர் வந்து அபியை அழைத்துப் போனார். அவள் பை பெஞ்சிலேயே கிடந்தது. சாயங்காலம் நான்தான் தூக்கிக்கொண்டு வந்தேன்.

நடந்ததை அம்மா சொன்னார். டவுன்ஷிப்புக்குள் நுழைந்ததும் ஒரு வேகத்தடையில் வண்டி குதித்திருக்கிறது. ஏணி எகிறிப் பின்பக்கமாகச் சரிந்திருக்கிறது. சித்தப்பா பிடியை விடவில்லை. அதனால் ஏணி அவரையும் சேர்த்து இழுத்து ரோட்டில் தள்ளிவிட்டது. வலது தொடை எலும்பு இரண்டு இடத்தில் உடைந்து, ஆபரேஷன் செய்து பிளேட் வைத்தார்கள்.

"நடக்கலாம்னு டாக்டர் சொல்லிட்டாரு. ஆனா இனிமே ஏணி ஏறவே கூடாதாம்" என்றார் அம்மா. பிறகு அடுப்படிக்குப் போய் வெகுநேரம் பாத்திரம் கழுவினார். கழுவ அவ்வளவு பாத்திரம் இல்லை.

நான் புங்கமரத்துக்கு ஓடினேன். கயிறு அப்படியே தொங்கியது. அவிழ்த்து, என் பழைய ஸ்கூல் பையில் திணித்து, கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். வண்டியில் திரும்பப் போட எனக்குத் தைரியம் இல்லை. எங்கிருந்து வந்தது என்று கேட்பார்களே.

பத்து நாள் கழித்து அபி பள்ளிக்கூடம் வந்தாள். என் பக்கத்தில் உட்காரவில்லை. நேராகக் கடைசி பெஞ்சுக்குப் போனாள். கயிறு எங்கே இருந்தது என்று எங்கள் இரண்டு பேருக்குத்தான் தெரியும். அவள் என்னை வெறுக்கிறாள் என்று நினைத்தேன். வெறுத்தால் நியாயம்தான் என்றும் நினைத்தேன்.

அப்பா வண்டியைத் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டார். வேலைக்குப் போகவில்லை. தினமும் சாயங்காலம் சித்தப்பா வீட்டுக்குப் போவார், கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வருவார். வந்து யாரிடமும் பேச மாட்டார்.

இப்படியே இன்னொரு பத்து நாள் போனது. ஒருநாள் மதியம் சாப்பாட்டு நேரத்தில் பிரவின்குமார் அபியிடம் வந்தான். அவன் கெட்டவன் இல்லை. ஆனால் காதில் விழுந்ததை வாயில் வைத்துக்கொள்ளத் தெரியாது.

"உங்கப்பா போன் பாத்துகினு வந்தாராமே? அதான் ஏணிய வுட்டுட்டாராம். டீக்கடையில பேசிகினாங்க."

அபி டிபன் பாக்ஸை மூடினாள். பாதிக்கு மேல் சோறு மீதி இருந்தது.

எனக்கு டாட்டா காட்டக் கை இல்லாமல் தலையை ஆட்டிவிட்டுப் போனவர், போனை எந்தக் கையால் பார்ப்பார்? அதைப் பார்த்தவள் நான். சொல்ல வேண்டியவள் நான். ஆனால் அவர் ஏன் கையால் பிடித்தார் என்று அடுத்த கேள்வி வரும். அப்போது கயிற்றைச் சொல்ல வேண்டும்.

நான் வாயைத் திறக்கவில்லை. அன்று மதியம் முழுக்க எனக்கு என்னையே பிடிக்கவில்லை.

சாயங்காலம் அப்பா கிளம்பினார். நான் கட்டிலுக்கு அடியிலிருந்து பையை இழுத்தேன். "அப்பா, நானும் வரேன்" என்றேன்.

சித்தப்பா கட்டிலில் சாய்ந்திருந்தார். நான் பார்த்த சித்தப்பாவில் பாதிதான் இருந்தார். கனகம் சித்தி அவர் காலுக்கடியில் தலையணையைச் சரிசெய்துகொண்டிருந்தார். மூலையில் அபி வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டாள்.

"வாம்மா நிலா" என்றார் சித்தப்பா. "மூணு வாரமா வழி தெரியலயா? நாலு வூடுதான?"

நான் பையைத் திறந்து கயிற்றை வெளியே எடுத்தேன்.

அப்பா அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"நான்தாம்பா எடுத்தேன். ஊஞ்சல் கட்டினோம். மறந்துட்டேன். நீங்க கேட்டப்ப பொய் சொல்லிட்டேன்." அதற்கு மேல் எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே மிச்சத்தையும் சொன்னேன். "சித்தப்பா போன் பாக்கல. நான் பாத்தேன். ரெண்டு கையும் ஏணி மேலதான் இருந்துச்சு. என்னாலதான் எல்லாம்."

அப்பா எழுந்தார். அடி விழப்போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"அவள ஒண்ணும் சொல்லாதீங்க பெரியப்பா!"

அபியின் குரல். கண்ணைத் திறந்தேன். அவள் நோட்டைத் தள்ளிவிட்டு எழுந்து நின்றாள்.

"அவ கழட்டத்தான் போனா. நாந்தான் வேணாம்னு சொன்னேன். அதச் சொல்லிடுவாளோன்னுதான் அவகூடப் பேசவே இல்ல." அவள் தன் அப்பாவின் காலைப் பார்த்தாள். "எங்கப்பா என்னால வுழுந்துட்டாரு."

நான் அவளையே பார்த்தேன். பத்து நாளாக இரண்டு பேரும் ஒரே வகுப்பில், ஒருவரை ஒருவர் பார்த்துப் பயந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறோம்.

அப்பா எங்கள் இருவரையும் இழுத்து அணைத்துக்கொண்டார். அவர் சட்டையில் வெள்ளைப் பெயிண்ட் காய்ந்து சொரசொரவென்று இருந்தது.

"இங்க பாருங்க. கயிறு இல்லன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சிதான் வண்டிய எடுத்தேன். ஏணி கட்டாம வண்டி கெளம்பக் கூடாது. கடைக்குப் போயி வேற கயிறு வாங்கியாந்திருக்கணும். இல்லன்னா அன்னிக்கு வேலைக்கே போயிருக்கக் கூடாது. அது என் வேல. பன்னண்டு வயசுப் புள்ளைங்க வேல இல்ல."

பிறகு என் முகத்தை நிமிர்த்தினார். "நீ பொய் சொன்னது தப்பு. அது வேற. அதுக்கு வூட்ல தனியாத் திட்டறேன்."

"சரிப்பா" என்றேன். திட்டு வாங்க அவ்வளவு ஆசையாக இருந்தது அன்றுதான்.

சித்தப்பா சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினார். "கால் வலியக்கூடத் தாங்கிக்கலாம் நிலா. போன் பாத்தன்னு பேசிகிறாங்களே, அதான் தாங்க முடியல."

"நான் சொல்றேன் சித்தப்பா. நாளைக்கே சொல்றேன்."

அவர் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டார். கனகம் சித்தி எழுந்து வெளியே போய்விட்டார்.

மறுநாள் பாடம் தொடங்குமுன் டீச்சரிடம் கேட்டுவிட்டு வகுப்பின் முன்னால் நின்றேன். கயிறு, ஊஞ்சல், என் பொய், சித்தப்பாவின் இரண்டு கைகள், எல்லாவற்றையும் சொன்னேன். வகுப்பில் ஒருவரும் சிரிக்கவில்லை. பிரவின்குமார் எழுந்து, "டீக்கடையில நானே போய்ச் சொல்லிடறேன் மிஸ்" என்றான். காதில் விழுந்ததை வைத்துக்கொள்ளத் தெரியாத அந்த வாய் அன்று நல்லதுக்கு உதவியது. சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது.

அபி தன் பையைத் தூக்கிக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். இரண்டு பென்சிலைச் சீவி, ஒன்றை எனக்கு வைத்தாள்.

அடுத்த திங்கட்கிழமை அப்பா தார்ப்பாயை எடுத்தார். ஏணி ஏறுவதற்குச் சசிகுமார் என்ற அண்ணன் புதிதாக வந்திருந்தார். ஏணியை வண்டி மேல் ஏற்றியதுமே அவர் பின்னால் தாவி உட்கார்ந்தார்.

"நான் புடிச்சிகினு வரேன்ணா."

"எறங்கு" என்றார் அப்பா. "நம்ம வண்டியில ஏணியப் புடிக்க ஆள் கெடையாது. முன்னால வந்து குந்து."

புதுக் கயிறு வாங்கியிருந்தார். பழைய நீலக் கயிற்றை என்ன செய்தார் என்று நான் கேட்கவில்லை. கேபின் மேலிருக்கும் கம்பியோடு முன்பக்கம் ஒரு கட்டு. பின்பக்கம் குறுக்கும் நெடுக்குமாக ஒரு கட்டு. நீட்டிக்கொண்டிருக்கும் முனையில் அம்மா புதுச் சிவப்புத் துணியைக் கட்டினார். அப்பா ஏணியைப் பிடித்து ஆட்டினார். ஏணியோடு சேர்ந்து வண்டியும் ஆடியது.

"ஏணி மட்டும் ஆடினா கட்டு சரியில்லன்னு அர்த்தம்" என்று சசிகுமார் அண்ணனிடம் சொன்னார்.

நாலு வீடு தள்ளி, வாசலில் நாற்காலி போட்டு வேணு சித்தப்பா உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் வாக்கர் நின்றது. அங்கிருந்தே குரல் கொடுத்தார்.

"பின்னால இன்னொரு சுத்துப் போடுண்ணா!"

வேண்டிய அளவுக்குச் சுற்றியாகிவிட்டது. இருந்தாலும் அப்பா இன்னொரு சுற்றுப் போட்டார். போட்டுவிட்டு வெகுநேரம் அந்த முடிச்சிலேயே கை வைத்து நின்றார்.

வண்டி கிளம்பியது. சித்தப்பா வீட்டைத் தாண்டும்போது அப்பா மெதுவாக ஓட்டினார். சித்தப்பா தன் ஏணி போவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். வண்டியின் பின்னால் பெயிண்ட் டப்பாக்கள் மட்டும் இருந்தன.

நானும் அபியும் தெருவில் நின்று பார்த்தோம். தெரு முனையில் ஒரு வேகத்தடை உண்டு. வண்டியின் முன்சக்கரம் ஏறி இறங்கியது. பின்சக்கரம் ஏறி, தடக்கென்று இறங்கியது. ஏணி அசையவில்லை. வண்டி திரும்பி மறைந்தது.

அபி என் கையை விட்டாள். விரலெல்லாம் வலித்தது. அவ்வளவு இறுக்கமாக அவள் பிடித்திருந்தது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.